கொடிவழியில் இல்லாத பெயர்

'குடும்ப மரம்' என்பது நாம் அண்மையில் கடன் வாங்கிய சொல். தமிழில் அதற்கு வம்சாவளி என்றும் கொடிவழி என்றும் பெயர்கள் இருக்கின்றன. எனக்குக் கொடிவழி என்ற சொல் பிடிக்கும். மரத்துக்கு நடுவில் ஒரு தண்டு உண்டு, கிளைகள் அதற்கு அடங்கியவை. கொடி அப்படியல்ல. பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்கும் பக்கமாக அது போய்விடும்.

கணக்கு எளிது. ஒருவருக்குப் பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4 பேர், அதற்கு முந்தைய தலைமுறையில் 8 பேர். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். அவற்றில் நாம் வழக்கமாகத் தேடுவது ஒன்றைத்தான்: அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா. மீதி 1,023 பேரை விட்டுவிட்டு அந்த ஒருவரின் ஊரை 'என் பூர்வீகம்' என்கிறோம். ஆகவே முன்னோரைத் தேடுவது தகவல் திரட்டும் வேலை மட்டுமல்ல. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற தீர்ப்பு அதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்றால் பின்னால் வருகிறவர் திருத்த வேண்டும் என்றே நம்மில் பலரும் சொல்வோம். ஆனால் விடப்பட்டவரே விலகிப்போக விரும்பியிருந்தால்? நம்மை வேண்டாம் என்று போன ஒருவரை, அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இழுத்துவந்து நம் கொடியில் கட்டுவதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா? மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் கேள்வி இது.

எங்கள் ஊர் வட ஆற்காட்டில், ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமம். பெரியப்பா ஒரு நீள நோட்டில் ஏழு தலைமுறைப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். பழைய பத்திரங்களிலிருந்தும் பங்காளி வீடுகளில் கேட்டும் சேர்த்தவை. எல்லாம் ஆண்கள் பெயர். மருமகள்கள் கணவர் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பார்கள். மகள்கள் கிடையாது. என் தம்பிக்கு அதில் இடம் உண்டு, எனக்கு இல்லை. கேட்டபோது பெரியப்பா கோபப்படவில்லை. "நீ வேற வூட்டு விளக்கும்மா. உன் பேரு அந்த வூட்டு நோட்டுல இருக்கும்" என்றார். அந்த வீட்டில் நோட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

பெண்களிடம் வேறொரு பதிவேடு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. புதுப்புடவை, பூ, மஞ்சள், குங்குமம் வைத்து அவளைக் கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை தொடங்கும். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் தாத்தாவின் தாத்தாவுக்குத் தங்கை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் செத்துப்போனாள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. லட்சக்கணக்கானோர் செத்த பஞ்சம் அது. அதில் ஒரு பெண் செத்தாள் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். என் அத்தைப்பாட்டி மட்டும் ஒருமுறை, படையலுக்கு வைத்த புடவையை மடித்துக்கொண்டே, "அவ எங்க செத்தா? கப்பல்ல இல்ல பூட்டா" என்றார். அவருக்கு அவருடைய பாட்டி சொன்னதாம். அதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மின்னஞ்சல் பல கைகள் மாறி என்னிடம் வந்தது. ஊர்ப் பெயரை வைத்து அவர் வேலூரில் யாருக்கோ எழுதியிருந்தார். அது எங்கள் உறவினர் ஒருவருக்குப் போய், அவர் "லண்டன்ல ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் வேலையில இருக்கு, அது பாத்துக்கும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் லீட்ஸில் முதுகலை படிக்க வந்து 22 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறேன். ஊருக்கு எல்லாமே லண்டன்தான். மின்னஞ்சலுடன் ஒரு கப்பல் பதிவேட்டின் இரண்டு வரிகள் இணைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பதிவேடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை நிரப்ப ஆள் சேர்ப்பவர்கள் பொய்யும் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய விவரங்கள் இவை. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் தங்கள் ஊரைக் கண்டுபிடிப்பதும் இவற்றைக் கொண்டுதான். ஏழை ஒருவரின் பெயரை 19ஆம் நூற்றாண்டில் இவ்வளவு கவனமாக எழுதி வைத்தவர்கள் அவரைச் சரக்காகப் பார்த்தவர்கள் என்பதை, இந்தப் பக்கங்களைப் பார்த்து மகிழும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இணைப்பில் இருந்த முதல் வரி: 1882ஆம் ஆண்டு, பெண், வயது 18, இடது முன்கையில் தழும்பு. எங்கள் பூவாடைக்காரியின் பெயர். தந்தை பெயர், பெரியப்பாவின் நோட்டில் அந்தத் தலைமுறையில் இருக்கும் பெயர். ஊர் எங்கள் ஊர், எழுத்தர் காதில் விழுந்தபடி. இரண்டாவது வரி அதற்கு அடுத்த எண்: ஆண், வயது 24, அதே ஊர். இருவருக்கும் சாதிக் கட்டத்தில் ஒரே சொல். அது எங்கள் சாதி அல்ல.

என்ன சொல் என்பதையும் எங்கள் சாதி எது என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும். என் கண்ணும் நிற்கும். ஊருக்குள் இருந்த தெரு எங்களுடையது, ஊருக்கு வெளியே இருந்த தெரு அவனுடையது என்பது போதும்.

ஆசிரியை கேட்டது இரண்டு கேள்விகள். இந்த ஊரில் எங்கள் பாட்டியின் உறவினர் யாராவது இருக்கிறார்களா? இந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் சொல்லுக்கு என்ன பொருள்?

இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன் முதல் கேள்வி. அவள் இவள்தானா? இது என் தொழிலோடு தொடர்புடையது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது அவற்றின் வாடிக்கையாளர் பட்டியல்களை ஒன்றாக்குவதுதான் என் வேலை. இந்தப் பட்டியலில் இருப்பவரும் அந்தப் பட்டியலில் இருப்பவரும் ஒரே ஆளா என்று ஒரு நாளைக்கு லட்சம் முறை கணினியைக் கேட்க வைக்கிறேன். கனடா அரசின் புள்ளியியல் துறையில் இருந்த ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் இருவரும் 1969ல் இதற்கு ஒரு கோட்பாட்டை வகுத்தார்கள். இன்றும் அதுவே அடித்தளம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எடை கொடுக்க வேண்டும். அபூர்வமான பெயர் பொருந்தினால் எடை கூடும், பரவலான பெயர் பொருந்தினால் சிறிதுதான் கூடும். பொருந்தாமல் போனால் எவ்வளவு குறைப்பது? ஒரே ஆளின் இரண்டு பதிவுகளில் அந்தக் கட்டம் எத்தனை முறை மாறுபடும் என்பதைப் பொறுத்தது. பிறந்த தேதி மாறாது, அதனால் அங்கே பொருந்தாவிட்டால் சந்தேகம் பெரிது. முகவரி அடிக்கடி மாறும், அதனால் அங்கே பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

பதிவேட்டைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். சாதி என்றதும் நிமிர்ந்தார். "ஏம்மா, நீ படிச்சவ. சாதியே வேற எழுதியிருக்கு. அப்புறம் எப்படி நம்ம வூட்டுப் பொண்ணுன்ற?"

பெரியப்பா பயன்படுத்தியதும் ஃபெலிகி-சன்டர் முறைதான். அவர் கணக்கில் மாறவே மாறாத கட்டம் சாதி. ஊருக்குள் வாழ்கிறவரை அது சரி. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் ஒரு எழுத்தர் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அது சரியா? உயரத்தை மாற்ற முடியாது, தழும்பை மறைக்க முடியாது. வாயால் சொல்லி மாற்றக்கூடிய கட்டங்களில் அது ஒன்று. கப்பலேறியவர்கள் சாதியை மாற்றிச் சொன்னதும், நேட்டாலில் சாதிப் பட்டங்கள் குடும்பப் பெயர்களாக மாறியபோது பலர் தங்களுக்கு உரியதல்லாத பட்டத்தை எடுத்துக்கொண்டதும் வரலாற்றாய்வாளர்கள் எழுதியவையே. மேலே ஏறுவதற்காக மாற்றியவர்கள் உண்டு. இவள் அவனுடைய சொல்லைத் தன் கட்டத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். பெயரும் தந்தை பெயரும் ஊரும் பொருந்தி, சாதி மட்டும் பொருந்தாமல், அடுத்த எண்ணில் அந்தச் சாதிக்காரன் ஒருவன் நிற்கும்போது, பொருந்தாத அந்த ஒரு கட்டம்தான் எனக்கு வலுவான சாட்சியாகத் தெரிகிறது. அவள் ஏன் பஞ்சத்தில் சாக வேண்டியிருந்தது என்பதும் விளங்கிவிடுகிறது.

இது நிரூபணம் அல்ல. தொழிலில் இதை 'ஒருவேளை பொருந்தலாம்' என்ற மூன்றாவது கூடையில் போட்டு மனிதப் பார்வைக்கு அனுப்புவோம். இரண்டு பிழைகள் சாத்தியம்: வேறு வேறு ஆட்களை ஒன்றாக்குவது, ஒரே ஆளை இரண்டாக விடுவது. எந்தப் பிழை மோசம் என்பதைக் கணிதம் சொல்லாது. அதனால் யாருக்கு என்ன கேடு என்று பார்த்துத்தான் எல்லைக்கோட்டை வைக்க வேண்டும். கேள்வி கணினியிலிருந்து அறத்துக்கு நகரும் இடம் இது.

இறந்தவருக்குக் கேடு செய்ய முடியுமா? சட்டத்தைக் கேட்டால் பதில் சுலபம். 2018ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கே பொருந்தும். செத்தவருக்கு அந்தரங்கம் இல்லை. அரிஸ்டாட்டில் இவ்வளவு உறுதியாக இல்லை. நிகோமாகிய அறவியலின் முதல் பகுதியிலேயே இதை எடுத்துக்கொண்டு, சந்ததியின் நன்மை தீமைகள் இறந்தவரைக் கொஞ்சம் தொடலாம், ஆனால் அவர் வாழ்வின் நிறைவையே மாற்றும் அளவுக்கு அல்ல என்று முடிக்கிறார். நாமோ செத்தவர்களுக்குப் பசிக்கும் என்று நம்பிச் சோறு படைக்கிறோம். பசிக்கும் என்றால் பயமும் வெட்கமும்கூட இருக்கலாமே.

நம் மொழியில் இந்தப் பெண்களைப் பற்றிய படிமம் ஒன்று நிலைபெற்றிருக்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றி பாரதி எழுதிய பாடலை அறியாத தமிழர் குறைவு. அந்தக் கண்ணீர் உண்மையானது, தேவையான குரலும்கூட. ஆனால் அது மட்டுமே மனதில் இருப்பதால், போனவர்கள் எல்லோரும் திரும்பிவர ஏங்கியவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். அவர்களைக் கண்டுபிடிப்பது ஒரு மீட்பு என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான். 1882ல் எங்கள் ஊரில் அந்த இருவரையும் சேர்த்துப் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. இன்றும் அதே குற்றத்துக்கு நம் ஊர்களில் பட்டப்பகலில் வெட்டுகிறார்கள். அவளுக்குக் கரும்புத் தோட்டம் ஒரு சிறைதான். வீடு அதைவிட மோசமானதாக இருந்திருக்கலாம். அவளை மீட்டு எங்கே கொண்டுவரப்போகிறோம்?

ஆசிரியையின் அம்மாவுக்கு அப்போது 91 வயது. சிறுமியாக இருந்தபோது அந்தப் பாட்டியைப் பார்த்திருக்கிறார். தாத்தாவும் பாட்டியும் சொந்தக் காசில் கப்பல் டிக்கெட் வாங்கிக் கடை வைக்க வந்தவர்கள், பாட்டிக்கு ஊரில் ஒருவரும் உயிரோடு இல்லை என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆக, இரு பக்கமும் சமமாகக் கணக்கைத் தீர்த்திருக்கிறார்கள். நாங்கள் அவளைச் சாகடித்தோம், அவள் எங்களைச் சாகடித்தாள்.

ஆனால் இந்த இரண்டு பொய்களும் சமமா? இதைப் பல மாதங்கள் யோசித்தேன். ஒரு ரகசியத்தைத் திறக்கலாமா என்று கேட்பதற்கு முன், அது யாரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். எங்கள் பொய் எங்கள் மானத்தைக் காத்தது. அதற்கு விலை கொடுத்தவள் அவள். அவளைத் தெய்வமாக்கியதும் அந்தப் பொய்யின் பகுதிதான். உயிரோடு இருப்பவள் மனம் மாறித் திரும்பி வரலாம், புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டால் வர முடியாது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற எனக்கு எந்தக் கடமையும் இல்லை. அவள் சொன்ன பொய் அவள் பிள்ளைகளைக் காத்தது. கூலி எண் இல்லாத, சாதிக் கட்டம் இல்லாத, தேடி வரும் அண்ணன் தம்பி இல்லாத ஒரு தொடக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது. அதைத் திறக்கும் உரிமை, யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்களுடையது. என்னிடம் சாவி இருக்கிறது என்பதால் அந்தக் கதவு என்னுடையது ஆகாது.

அப்படியானால் அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லலாமா? சொல்லாமல் மறைத்தால் அந்தச் சொல்லை நானும் இழிவென்று கருதுகிறேன் என்றாகிவிடும். சொன்னால், கடலில் எறிந்துவிட்டுப் போன ஒன்றை மூன்று தலைமுறைக்குப் பிறகு பொறுக்கியெடுத்து அவர்கள் கையில் கொடுத்தவளாவேன். கேட்டதற்குப் பதில் சொல்வதே நேர்மை என்று முடிவுசெய்தேன். அது ஒரு சாதியின் பெயர் என்றும், அந்தப் பெயருடையவர்களை எங்கள் ஊர் எப்படி நடத்தியது என்றும், அது அவர்களைப் பற்றிச் சொல்வதைவிட எங்களைப் பற்றிச் சொல்வதே அதிகம் என்றும் எழுதினேன். பிறகு, "உங்கள் பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. வேண்டுமானால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அது என்னோடு இருக்கும்" என்றும் சேர்த்தேன்.

அவர் பதிலுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். 1950ல் அந்த நாட்டில் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இனம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எழுதிய சொல்தான் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. சாட்ஸ்வர்த்தே அப்படி 'இந்தியர்' என்று எழுதப்பட்டவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். "ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு சொல்லோடு வாழ்வது எப்படி என்று எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம். கதையைச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்வதா என்பது என் பொறுப்பு" என்று எழுதியிருந்தார். சொன்னேன். அம்மாவிடம் சொன்னாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெரியப்பாவின் நோட்டு அப்படியேதான் இருக்கிறது. நான் எனக்கென்று ஒரு பிரதி எடுத்து அதில் மகள்களையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவள் பெயருக்கு எதிரே 'பஞ்சத்தில் மரணம்' என்பது இல்லை. '1882, கப்பலில் நேட்டாலுக்குப் போனாள் என்று கருதுகிறேன்' என்று இருக்கிறது. அவளுக்குக் கீழே பிள்ளைகள் பெயரை எழுதவில்லை. அது டர்பனில் இருப்பவர்கள் எழுத வேண்டியது. வேறு ஊரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தொலைவான விஷயம் அல்ல. என் அப்பாவின் பெயர் என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகிவிட்டது. நேட்டாலில் முனுசாமி 'மூன்சாமி' என்ற குடும்பப் பெயரானதும் இப்படி ஒரு அலுவலகத்தில், ஒரு கட்டத்தை நிரப்பியபோதுதான். நாம் இன்று எதை நிரப்புகிறோம், எதைக் காலியாக விடுகிறோம் என்பதை வைத்துத்தான் நாளை நம்மைத் தேடுவார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நான் தேடியது ஒரு கிளையை. பதிவேட்டில் இருந்தது இரண்டு வரிகள். அவனுக்கும் அப்பா பெயர் எழுதியிருக்கிறது, அவனுக்கும் அதே ஊர். எங்களுக்கு நிலம் இருந்ததால் பத்திரம் இருந்தது, பத்திரம் இருந்ததால் நோட்டு இருக்கிறது. அந்தத் தெருவில் அன்று யாருக்கும் நிலமில்லை, அதனால் எழுத்தும் இல்லை. ஒருவேளை அங்கே ஒரு பாட்டி தன் பேத்தியிடம், கப்பலேறிய ஒருவனைப் பற்றியோ, எங்கள் தெருக்காரர்கள் வெட்டிப் புதைத்ததாக அவர்கள் நம்பும் ஒருவனைப் பற்றியோ சொல்லியிருக்கலாம். அவன் பிழைத்தான், பிள்ளை பெற்றான் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் எங்கள் தெருவில் இன்று யாருடைய கை ஓங்கும் என்பதும் எனக்குத் தெரியும். லீட்ஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதனால் ஒரு கீறலும் விழாது, விழுந்தால் அங்கே இருப்பவர்களுக்குத்தான். அதனால் முதலில் அந்தத் தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம், கேட்க விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது யாரிடம் கேட்பது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.